உரிமையும் வழக்குச் செலவும்: அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லச் சட்டங்கள் குறித்து

அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோருக்குச் சட்ட உரிமைகள் குறைவாக இல்லை. மெடிகேர், மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவத் திட்டங்களின் நிதி பெறும் இல்லங்கள் தண்டனைக்காகவோ ஊழியர் வசதிக்காகவோ எவரையும் கட்டிவைக்கக் கூடாது, மருந்தால் மயக்கிவைக்கவும் கூடாது என்று 1987ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் விதித்தது. ஆனால் கவனிப்பாரற்றுப் படுக்கைப்புண் சீழ்பிடித்துக் கிடப்பவருக்கு அந்த உரிமைப் பட்டியல் தானாக எதையும் பெற்றுத் தராது. அவர் வழக்கை ஏற்க வழக்கறிஞர் கிடைப்பாரா என்பதே முதற்கேள்வி. அதன் விடை இழப்பீட்டைக் கணக்கிடும் விதிகளில் இருக்கிறது.

இவ்வகை வழக்குகளில் வழக்கறிஞர் பொதுவாக முன்பணம் வாங்குவதில்லை. வென்றால் இழப்பீட்டில் ஒரு பங்கு அவருக்கு. தோற்றால் உழைப்பும் செலவும் வீண். எண்பத்தைந்து வயதில் படுக்கையில் இருப்பவருக்கு இழந்த சம்பளம் என்று காட்ட ஏதுமில்லை. வலிக்கும் வேதனைக்குமான தொகையே பெரும்பாலும் மிஞ்சும். கலிபோர்னியாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் 2,50,000 டாலர் என்று வரம்பு கட்டியது அந்தத் தொகைக்குத்தான். 2022 வரை வரம்பு மாறவே இல்லை. போதாததற்கு, வழக்கு முடியுமுன் முதியவர் இறந்தால் அவர் பட்ட வேதனைக்கான இழப்பீடும் அவரோடு போனது. இழுத்தடிப்பதே எதிர்த்தரப்புக்கு லாபம் என்றாயிற்று. இந்த முடிச்சைச் சட்டமன்றம் 1991இல் நேராக அவிழ்த்தது. பொறுப்பற்ற அலட்சியமோ கொடுமையோ தெளிவான, உறுதியாக நம்பவைக்கும் சான்றால் நிறுவப்பட்டால், வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பே தர வேண்டும். இறந்தவரின் வேதனைக்கு, வரம்புக்குட்பட்டு, வாரிசுகளும் கேட்கலாம் என்றது முதியோர் பாதுகாப்புச் சட்டத்தின் புதிய பிரிவு 15657. மருத்துவச் சேவை தருவோருக்கு இது பொருந்தாது என்ற வாதத்தை மாநில உச்ச நீதிமன்றம் 1999இல் டிலேனி எதிர் பேக்கர் வழக்கில் தள்ளியது. அங்கும் வழக்கின் மையம் படுக்கைப்புண்களோடு இறந்த ஒரு மூதாட்டிதான்.

வழக்குகள் பெருகினால் பராமரிப்புக்கான பணம் காப்பீட்டுக்குப் போய்விடும் என்பது இல்லங்களின் மறுப்பு. மெடிக்கெய்ட் தரும் தொகை போதவில்லை என்பதில் உண்மை இருக்கலாம். ஆயினும் அந்தப் பிரிவு சாதாரணத் தவறுகளைத் தொடுவதில்லை. தெரிந்தே ஆபத்தை அசட்டை செய்தவரையே பிடிக்கிறது. அரசு ஆய்வாளர்கள் இருக்க வழக்கு எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. அபராதம் இல்லத்தைத் திருத்தலாம். பாதிக்கப்பட்டவருக்கு அது இழப்பீடாகப் போய்ச் சேர்வதில்லை. நீதிமன்றத்தைவிட நடுவர் தீர்ப்பு விரைவானது, மலிவானது என்றும் சொல்லப்படுகிறது. அப்படியானால் சச்சரவு எழுந்த பிறகு இரு தரப்பும் கூடி அதைத் தேர்ந்தெடுக்கலாமே! அனுமதி நாளின் பதற்றத்தில் மகளிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவானேன்? இத்தகைய முன் ஒப்பந்தங்களுக்குக் கூட்டரசு 2016இல் விதித்த தடையை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2019 விதி அவற்றை அனுமதித்தது. ஆனால் அனுமதிக்கு நிபந்தனையாக்கக் கூடாது, 30 நாளுக்குள் விலகலாம் என்றது.

2023இல் டலெவ்ஸ்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் சில உரிமைகளுக்காகக் கூட்டரசுக் குடிமை உரிமைச் சட்டத்தின் வழியே வழக்குத் தொடரலாம் என்று தீர்த்தது. நல்ல தீர்ப்பு, ஆனால் அந்த வழி அரசு அமைப்புகள் நடத்தும் இல்லங்களுக்கே செல்லும். பெரும்பாலான இல்லங்களோ லாப நோக்கில் நடக்கும் தனியார் நிறுவனங்கள். ஆகவே மற்ற மாநிலச் சட்டமன்றங்கள் உரிமைப் பட்டியலை நீட்டுவதை விட்டு, கட்டணத்தை எதிர்த்தரப்பின் தலையில் வைக்கும் விதியை முதலில் இயற்ற வேண்டும். கலிபோர்னியாவும் தான் கேட்கும் சான்றின் அளவைத் தளர்த்த வேண்டும்.