வியாச்சிஸ்லாவ் எக்கிமோவ்

வியாச்சிஸ்லாவ் எக்கிமோவ் (பிறப்பு: பெப்ரவரி 4, 1966) ஓய்வு பெற்ற ரஷ்ய மிதிவண்டிப் பந்தய வீரர் ஆவார். ஒலிம்பிக் போட்டிகளில் மூன்று தங்கப் பதக்கங்களைப் பெற்றவர். 'எக்கி' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்டார்.

ஆரம்ப காலம்

பின்லாந்து எல்லைக்கு அருகிலுள்ள வீபோர்க் நகரில் பிறந்தார். லெனின்கிராட்டில் அலெக்சாந்தர் குஸ்னெட்சோவ் என்பவரிடம் பயிற்சி பெற்றார். முதலில் ஓடுதளப் பந்தயங்களிலேயே புகழ் பெற்றார். 1988 சியோல் ஒலிம்பிக்கில், நால்வர் சேர்ந்து ஓட்டும் குழுத் துரத்தல் பந்தயத்தில் தங்கம் வென்ற சோவியத் அணியில் இவரும் இருந்தார்.

தொழில்முறைக் காலம்

1990 இல் பானசோனிக் அணியில் சேர்ந்து சாலைப் பந்தயங்களுக்கு வந்தார். 1991 இல் டூர் டி பிரான்சு பந்தயத்தில் மாக்கோன் நகரில் முடிந்த கட்டத்தை வென்றார். எனினும் அப்பந்தயத்தில் இவரது பெயர் நிலைத்தது வெற்றிகளால் அன்று. 1990 முதல் 2006 வரை 15 முறை பங்கேற்று, ஒருமுறைகூட இடையில் விலகாமல் அனைத்தையும் முடித்தார். மூன்று வாரம் நீடிக்கும், மலைகளைக் கடந்து செல்லும் இப்பந்தயத்தில் விழுந்தும் நோயுற்றும் விலகுவோர் ஆண்டுதோறும் பலர் என்பதால் இது அரிய சாதனை. 2001 ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வை அறிவித்தவர், மறு ஆண்டே பந்தயத்துக்குத் திரும்பினார்.

2000 முதல் 2004 வரை லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் துணை வீரராக ஓட்டினார். துணை வீரர் தம் வெற்றியை நாடாமல், காற்றை முன்னின்று தாங்கித் தலைவரின் வலுவைக் காப்பவர். ஊக்கமருந்துப் பயன்பாட்டுக்காக ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012 இல் பறிக்கப்பட்டன. அவ்வணியில் எக்கிமோவ் இருந்த காலமும் அந்த நிழலிலேயே இன்று பார்க்கப்படுகிறது; ஆனால் இவருக்குத் தடை ஏதும் விதிக்கப்படவில்லை.

ஒலிம்பிக் தங்கமும் தாமதித்த தங்கமும்

2000 சிட்னி ஒலிம்பிக்கில் தனிநபர் நேரப் பந்தயத்தில் (ஒவ்வொருவரும் தனியே கடிகாரத்துடன் போட்டியிடும் பந்தயம்) ஜெர்மனியின் யான் உல்ரிச்சை ஏறத்தாழ 8 வினாடிகளில் முந்தித் தங்கம் வென்றார்.

2004 ஏதென்சில் 38 வயதான எக்கிமோவ், அமெரிக்காவின் டைலர் ஹாமில்டனுக்கு ஏறத்தாழ 19 வினாடிகள் பின்தங்கி வெள்ளி பெற்றார். ஹாமில்டன் பிறருடைய இரத்தத்தை ஏற்றிக்கொண்டதை முதல் சோதனை காட்டியது. ஆனால் இரண்டாவது மாதிரி ஆய்வகத்தில் உறைய வைக்கப்பட்டுப் பயனற்றுப் போனதால் பதக்கம் அவரிடமே இருந்தது. ரஷ்யத் தரப்பின் மேல்முறையீட்டை விளையாட்டு நடுவர் மன்றம் 2006 இல் நிராகரித்தது. 2011 இல் ஹாமில்டன் தாமே ஊக்கமருந்துப் பயன்பாட்டை ஒப்புக்கொண்டார். முடிவுகளைத் திருத்துவதற்கான எட்டாண்டு வரம்பு முடியவிருந்த நிலையில், 2012 ஆகஸ்டில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு தங்கத்தை எக்கிமோவுக்கு அளித்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் இவர் பெயருக்கு எதிரே வெள்ளி என்றே காணப்படும்.

செல்வாக்கு

இவரது செல்வாக்கு சக வீரர்களிடையே மிகுதியாக இருந்தது. 2006 டூரின் இறுதி நாளில், நாற்பது வயதான இவரை முன்னே செல்லவிட்டு, பாரிசின் சாம்ப்ஸ் எலிசே சாலையில் மற்றவர்கள் பின்தொடர்ந்தனர். பெரும்பாலும் பட்டம் வெல்பவருக்கே கிடைக்கும் இத்தகைய மரியாதை, டூர் பட்டத்தை ஒருபோதும் வெல்லாத ஒருவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டுடன் ஓய்வு பெற்றார்.

2012 இன் பிற்பகுதியில் ரஷ்யாவின் கட்டியூஷா அணியின் பொது மேலாளரானார். பின்னர் ரஷ்ய மிதிவண்டிக் கூட்டமைப்பின் தலைவராகவும் பணியாற்றினார்.