ஒரு பவுண்டு தானியம்: செங்கற்பட்டில் கூலிக் கணக்கின் வரலாறு

கூடுவாஞ்சேரியில் வாழும் தொழிலாளர் குடும்பங்களைச் சந்திக்கும் ஆயர் எவரும் அறிவார்: கூலியைப் பற்றித் தொடங்கும் பேச்சு விரைவில் வீட்டு வாடகையில் வந்து நிற்கும். மனிதன் வாழப் போதிய கூலி எது, அதில் எவையெல்லாம் அடங்கும் என்னும் கேள்வி இம்மாவட்டத்திற்குப் புதிதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கற்பட்டின் நிலவுரிமை மிராசுதாரரிடம் இருந்தது, உழைத்தவர் படியாள். அவருடைய கூலி பெரும்பாலும் அளந்து கொடுக்கப்பட்ட தானியம். விலைவாசி ஏறினாலும் மரக்கால் சுருங்காது (அளப்பவர் மனம் சுருங்கலாம், அது வேறு). ஆனால் மழை பொய்த்தால் அளப்பதற்கு ஒன்றுமில்லை. 1876-இல் அதுவே நேர்ந்தது.

1877 ஜனவரியில் வைசிராய் லிட்டனின் பிரதிநிதியாகச் சென்னை மாகாணம் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச நிவாரண வேலை செய்யும் ஆணின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமாகக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மாகாணச் சுகாதார ஆணையரான டாக்டர் கார்னிஷ் இதனை எதிர்த்தார். மண் சுமக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டும், அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். டெம்பிள் கருவூலத்திலிருந்து கணக்கைத் தொடங்கினார். கார்னிஷ் உடலிலிருந்து தொடங்கினார். சில திங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரையே கோவளம், மாமல்லபுரம் வழியே செல்லும் கால்வாய் தாங்கியுள்ளது; அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் பகுதி 1877-78 பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் செல்லும் நம் மாணவர் அக்கால்வாயைக் கடக்கையில் இவ்வழக்கை நினைப்பது அரிது.

1891-இல் மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கை வேறொரு உண்மையை வெளியிட்டது. குடியிருக்கும் மனையே மிராசுதாரர் பிடியில் இருக்கையில், படியாள் கூலி பேச இயலாது. செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூரில் வில்லியம் கௌடியும் இதற்காக வாதாடினர். 1892-இல் நில ஒதுக்கீட்டு ஆணை பிறந்தது. இதனை மிஷனெரிகளின் பெருமையாக மட்டும் எழுதுவது நமக்கு உடன்பாடன்று. மிஷன் பங்களாவின் வாசலைத் தேடி முதலில் நடந்தவர்கள் சேரி மக்களே.

விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கணக்கிடும் முறையைக் கூறவில்லை. 1957-இல் கூடிய பதினைந்தாம் இந்தியத் தொழிலாளர் மாநாடே அதனை வகுத்தது. உழைப்பவர் ஒருவரின் வருவாயில் மூன்று நுகர்வு அலகுகள் வாழ வேண்டும். மனைவி மக்களின் வருவாயைச் சேர்க்கலாகாது. ஆண்டுக்கு 72 கெசம் துணி. எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 விழுக்காடு. உணவின் அளவுக்குக் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் முன்னாள் இயக்குநர் டாக்டர் அய்க்ராய்டின் பரிந்துரை அடிப்படையாயிற்று. கார்னிஷ் வென்றார் என்று சொல்லத் தோன்றுகிறது. 1991-இல் ரெப்டகாஸ் பிரெட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்கென மேலும் 25 விழுக்காட்டைச் சேர்த்தது.

வாடகையின் இடம் மட்டும் ஒடுங்கியே நின்றது. அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் மிகச் சிறிய வீட்டுக்குரிய வாடகையே 1957-இன் அளவுகோல். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பின், நந்திவரம் ஏரிக்கரைப் பக்கம் அறை தேடி அலையும் தொழிலாளிக்கு அந்த வாடகையில் கதவு திறப்பவர் யாருமில்லை.