பாவை போன வழி

பாங்காக் நகரின் நடுவே சிவப்பு வண்ணம் பூசிய தேக்குத் தூண்கள் வானளாவ நிற்கின்றன. பெரிய ஊஞ்சல் என்பார்கள். 1784இல் முதலாம் ராமா மன்னர் பிராமணர் கோயிலோடு சேர்த்து எழுப்பியது; 1920இல் இப்போதுள்ள இடத்துக்கு மாற்றப்பட்டது. இங்கே நடந்த அரச விழாவின் பெயர் திரியம்பாவாய் - திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையுமே இப்படி வாய்மாறிப் போயின என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

ராஜபாளையத்தில் பிறந்து, மார்கழி விடியலில் அம்மாவோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வளர்ந்தவள் நான். இருந்தும் இந்தச் சேதி எனக்குச் சிங்கப்பூரில்தான் கிடைத்தது. அங்கே வேலை பார்த்த நாட்களில் பீச் ரோட்டின் கோல்டன் மைல் வளாகத்துத் தாய் கடைகளுக்குப் போவேன். பிளாஸ்டிக் நாற்காலி, ஞாயிறு மாலைகளில் தாய்லாந்துத் தொழிலாளர் கூட்டம். ஒருநாள் மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறு வந்தது. நாக்கு உடனே அக்காரவடிசிலைத் தேடிப் போனது. நாக்கை நம்பி வரலாறு எழுதக் கூடாதுதான். அரிசியும் இனிப்பும் எந்த ஊரிலும் சேரும். அந்தச் சமையலின் உயிரான மிளகாயே போர்த்துக்கீசியர் காலத்தில் வந்தது, ஆண்டாள் அதைக் கண்டிருக்க மாட்டாள். ஆனால் அந்தச் சோறுதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

திருப்பாவை உணவால் கட்டப்பட்ட நோன்பு. நெய்யையும் பாலையும் விலக்கித் தொடங்குகிறது. இருபத்தேழாம் பாட்டில் முழங்கை வழிய நெய்ச்சோறு உண்பதில் நிறைகிறது. நடுவே பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு போகிறார்கள். சமைத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை உண்பவர்கள் அல்லர் அவர்கள், பந்தியே அவர்களுடையது.

சயாமில் நடந்தது வேறு. உயர்குடி ஆண் ஒருவர் கடவுளின் இடத்தில் அமர, இளைஞர்கள் ஊஞ்சலில் உந்தி எழும்பி, மூங்கிலில் தொங்கிய காசுப் பையைப் பல்லால் கவ்வினார்கள். ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றது. கோயிலுக்குள் சடங்கு தொடர்ந்தது. கிரந்தத்தின் வழிவந்த எழுத்தில் ஏடுகளை வைத்துக்கொண்டு, பொருள் அறியாமல் அரசவைப் பிராமணர் ஓதிவந்தார்கள். பெயரில் பாவை இருக்கிறாள். எழுப்பவும் எழவும் பெண் இல்லை.

போன வழியும் ஆண்களுடையதே. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் வைக்கிறது. வணிகர், படையினர், பூசகர் என்று கப்பலேறியவர்கள் இவர்கள்.

சயாமை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆண்டாளின் ஊரிலேயே அரையர் சேவை செய்பவர்கள் ஆண்கள். கோஷ்டியில் முன்னிற்பவர்களும் அவர்களே. நாங்கள் கம்பிக்கு இப்புறம் நின்று வாய்க்குள் முணுமுணுப்போம். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டவள் ஆண்டாள். அதை நிறைவேற்றியவர் ராமானுஜர் என்கிறது வைணவ மரபு. அதற்காகவே அவர் அவளுக்குக் 'கோயில் அண்ணர்' ஆனார். நூறு தடாவையும் கிண்டி இறக்கியது யார் என்பதை எந்த உபந்நியாசத்திலும் நான் கேட்டதில்லை.