கேட்டவர்

1957 செப்டம்பரில் ஜூரிச் உலக மனநோய் மருத்துவ மாநாட்டில் ரோலாண்ட் குஹ்ன் படித்த கட்டுரையைக் கேட்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தாம். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்த எண்ணிக்கை பிடிக்கும், எனக்கும் பிடித்தது. கட்டுரை இமிப்ரமின் பற்றியது. ஸ்கிஸோஃப்ரீனியாவுக்குக் கொடுத்துப் பயன்படாமற்போன மருந்து. 1956இல் மூன்ஸ்டர்லிங்கன் ஆஸ்பத்திரியில் மனச்சோர்வு கண்டவர்களுக்குக் கொடுத்தபோது காலையில் தாமாகவே எழுந்தார்கள், பிறரோடு பேசினார்கள். குஹ்னிடம் அளவுகோல், புள்ளிவிவரம் கிடையாது. நோயாளியோடு உட்கார்ந்து கேட்பதுதான் முறை. இதை நண்பர்களிடம் வெகுநாள் புகழ்ந்து திரிந்தேன்.

2019இல் வரலாற்றாசிரியர்கள் சிலர் அந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்து வெளியிட்டார்கள்: 1980 வரை குறைந்தது 67 பொருள்கள், சுமார் 3000 பேர் மீது சோதனை. குழந்தைகளும் உண்டு. பலரிடம் சம்மதம் கேட்கவில்லை. நான் புகழ்ந்த கேட்டலில் இது சேரவில்லை. இமிப்ரமின் பலரைத் தூக்கி நிறுத்தியது என்பதும் பொய்யில்லை.