விந்தகத்துக்குள் ஒரு வைட்டமின்

1913-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்மர் மெக்கல்லமும் மார்கரீட் டேவிஸும் எலிகளுக்கு வெவ்வேறு கொழுப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெண்ணெய்க் கொழுப்பு கிடைத்த எலிகள் வளர்ந்தன; பன்றிக் கொழுப்பு கிடைத்தவற்றின் வளர்ச்சி நின்றுபோனது. வெண்ணெயில் இருந்த அந்தப் பொருள்தான் வைட்டமின் ஏ.

கண்ணுக்கு மட்டுமல்ல, இனப்பெருக்கத்துக்கும் அது வேண்டும் என்பது படிப்படியாகத் தெரியவந்தது. 1925-இல் வோல்பாக்கும் ஹோவும் இந்தச் சத்து குறைந்த எலிகளின் விந்தகங்கள் சுருங்கியிருப்பதைக் கண்டார்கள்.

1964-இல் தாம்சன், ஹோவெல், பிட் ஆகிய மூவரும் செய்த சோதனை அருமையானது. வைட்டமின் ஏ-க்குப் பதிலாக, அதிலிருந்து உடல் உருவாக்கும் ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் கொடுத்து எலிகளை வளர்த்தார்கள். அவை கொழுகொழுவென்று வளர்ந்தன. ஆனால் பார்வை போயிற்று. ஆண் எலிகளுக்கு விந்தணு உருவாகவில்லை. பெண் எலிகள் கருவுற்றும், கரு வயிற்றுக்குள்ளேயே கரைந்துபோனது.

பின்னாளில் காரணம் புரிந்தது. விந்தகம் தனக்கு வேண்டிய அமிலத்தை உள்ளேயே, வைட்டமினிலிருந்து தயாரித்துக்கொள்கிறது. சத்து இல்லாதபோது விந்தணுவாக வேண்டிய மூலச்செல்கள் சாவதில்லை, முதிராமல் காத்திருக்கின்றன. வைட்டமினைத் திரும்பக் கொடுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வளரத் தொடங்கிவிடும்!

2006-இல் பிரிஸ்பேனிலும் மாசசூசெட்ஸிலும் இருந்த இரு ஆய்வுக்குழுக்கள் இன்னொரு முடிச்சை அவிழ்த்தன. சுண்டெலிக் கருவின் அண்டகத்தில் இந்த அமிலம், குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பைத் தூண்டுகிறது என்றன அவை. ஆண் கருவிலோ ஒரு நொதி அமிலத்தைச் சிதைத்து, குன்றல் பகுப்பைத் தள்ளிப்போடுகிறது.

ஆனால் 2020-இல், அமிலத்தைத் தயாரிக்கும் நொதிகளை நீக்கிய அண்டகங்களிலும் குன்றல் பகுப்பு தொடங்கியது. அதற்கு இந்த அமிலம் தேவைதானா என்ற விவாதம் சூடுபிடித்தது.