கரை இறங்கத் தெரிந்த கப்பல்

1771 மே மாதம் பிரான்ஸின் லோரியான் துறைமுகத்திலிருந்து ஈவ் ஜோசப் தெ கெர்கெலன் என்ற கடற்படை அதிகாரி புறப்பட்டார். அவரிடம் இரண்டு வேலைகள் ஒப்படைக்கப்பட்டிருந்தன. ஒன்று, அன்று பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த மொரீஷியஸிலிருந்து நம் சோழமண்டலக் கரைக்கு வரக் குறுக்கு வழி உண்டா என்று சோதித்துப் பார்ப்பது. 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எந்தப் பருவத்திலும் சீக்கிரம் வந்து சேர ஒரு வழி அவர்களுக்குத் தேவைப்பட்டது. இரண்டாவது வேலை, தெற்கே பெரிய கண்டம் ஒன்று இருப்பதாகப் பேசிக்கொண்டார்களே, அதைத் தேடுவது.

1772 பிப்ரவரியில், ஏறக்குறைய 49ஆம் தென் அட்சரேகையில், மூடுபனிக்கு நடுவே நிலம் தெரிந்தது. கெர்கெலன் அதில் இறங்கவில்லை. காற்றும் அலையும் விடவில்லை. துணைக்கு வந்த குரோ வான்த்ர் என்ற கப்பலின் படகு ஒன்று எப்படியோ கரையைத் தொட்டது. அதில் போன அதிகாரி பதினைந்தாம் லூயியின் பேரால் அந்த நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டதாக அறிவித்துவிட்டுத் திரும்பினார். கெர்கெலன் ஊர் போய், செழிப்பான தென் பிரான்ஸையே கண்டுபிடித்துவிட்டதாக அரசரிடம் சொன்னார். அதை நம்பி இரண்டாம் முறையும் அனுப்பினார்கள். அப்போதும் அவர் கால் அங்கே படவில்லை. 1774 ஜனவரியில் ரோஷ்கூட் என்ற இளம் அதிகாரி இறங்கி, ஒரு புட்டியில் சேதி எழுதி வைத்துவிட்டு வந்தார். ஊர் திரும்பிய கெர்கெலனுக்குக் கிடைத்தது விசாரணையும் சிறையும். 1776 கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே போன கேப்டன் குக்கின் ஆட்கள் அந்தப் புட்டியைக் கண்டெடுத்தார்கள். மரமே இல்லாத அந்த இடத்துக்குப் பாழ் தீவு என்று பெயர் வைக்கலாம் என்று குக் நினைத்தார். உலகப் படத்தில் கடைசியில் நின்றது, அதில் கால் வைக்காத கெர்கெலனின் பெயர்தான்.

துருவச் சுற்றுலாக் கப்பல்களின் கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பனியை உடைக்கும் எஃகில் தொடங்குவார்கள். புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டுக் கடற்கரையில் காலைப் படகுகள் திரும்புவதைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தக் கதை வேறு இடத்தில் தொடங்குவதாகத் தோன்றுகிறது. கப்பல் எவ்வளவு தூரம் வந்தது என்பதைவிட, நின்ற இடத்திலிருந்து கரைக்கு இருக்கும் கடைசி ஒரு மைலை எப்படிக் கடந்தார்கள் என்பதுதான் விஷயம். இந்தக் கரையில் அது நன்றாகத் தெரிந்த சங்கதி.

புதுச்சேரிக்கு நெடுங்காலம் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் வர வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் செலிங்கு என்றார்கள். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துத் தமிழில் சலங்கு. அந்தப் படகில் ஆணி இல்லை. உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்களும் இல்லை. பலகையோடு பலகையைச் சேர்த்து, இடுக்கில் வைக்கோலோ நாரோ திணித்து, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலையோடு வந்து மணலில் மோதினால் பலகை பிளந்துவிடும். தைத்த படகு அடி வாங்கும்போது வளைந்து கொடுக்கும். தையல் வழியே கொஞ்சம் தண்ணீர் வரும், இறைத்துக்கொள்ளலாம். அலை உடைகிற இடத்துக்கு முன்னால் துடுப்புகளை நிறுத்தி, பின்னால் நிற்கும் தண்டல் அலைகளை எண்ணுவார். பெரிய அலை போனதும் அதன் முதுகோடு ஓட்டிக் கரையேற்றுவார்கள். ஆள் தவறி விழுந்தால் தூக்கிவிடப் பக்கத்திலேயே கட்டுமரமும் வரும். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் படகோட்டிகளின் தோளில் உட்கார்ந்து கரை சேர்ந்ததை அந்தக் காலத்துப் படங்களில் பார்க்கலாம். 1860களில் புதுச்சேரியில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்த பிறகுதான் இந்தப் பாடு குறைந்தது. அந்தப் பாலத்தையும் 1952 புயல் கொண்டுபோய்விட்டது.

இப்போது தெற்கே போவோம். கெர்கெலனுக்குப் பிறகு அந்தத் தீவுகளுக்குப் போனவர்கள் பெரும்பாலும் சீல் வேட்டைக்காரர்களும் திமிங்கல வேட்டைக்காரர்களும்தான். தோலும் எண்ணெயும் தீரும்வரை வேட்டையாடிவிட்டுப் போனார்கள். பார்ப்பதற்காகவே மனிதர்கள் காசு கொடுத்து அண்டார்டிகாவுக்குக் கப்பல் ஏறியது 1958இல்தான். அர்ஜென்டினா அரசு லெ எக்லெரர் என்ற கப்பலில் பயணிகளை ஏற்றிப் போனது. 1966இல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் வந்தார். சுவீடனில் பிறந்து, நியூயார்க்கில் பயண நிறுவனம் நடத்தியவர். அர்ஜென்டினாக் கடற்படையின் லபடாயா என்ற கப்பலை வாடகைக்கு எடுத்து, 57 பேரை அண்டார்டிகத் தீபகற்பத்துக்கு அழைத்துப்போனார். நாட்டியமோ சூதாட்டமோ அந்தக் கப்பலில் முக்கியமில்லை. பறவையைப் பற்றியும் பனியைப் பற்றியும் சொல்லித்தரத் தெரிந்தவர்கள் கூடவே வந்தார்கள். காலையில் பாடம், பகலில் கரை இறங்கல். இன்று உலகம் முழுதும் எக்ஸ்பெடிஷன் குரூஸ் என்று விற்கப்படும் எல்லாவற்றுக்கும் இதுதான் வித்து.

வாடகைக் கப்பல் அவருக்குப் போதவில்லை. பின்லாந்தில் ஒரு கப்பல் கட்டுவித்தார். 1969இல் லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர் கடலில் இறங்கியது. சிவப்பு உடல், சுமார் 73 மீட்டர் நீளம், நூறு பயணிகளுக்குத்தான் இடம். பறவை ஓவியர் பீட்டர் ஸ்காட் போன்றவர்கள் அதில் விரிவுரையாளர்களாகப் போனார்கள். ஆனால் அந்தக் கப்பலின் உயிர் அதன் மேல்தளத்தில் அடுக்கி வைத்திருந்த ரப்பர் படகுகளில் இருந்தது என்பேன்.

சோடியாக் என்ற அந்த ரப்பர் படகின் வரலாறும் வேடிக்கையானது. சோடியாக் என்பது ஆகாயக் கப்பல் செய்துகொண்டிருந்த பிரெஞ்சு நிறுவனம். 1930களில் அங்கே வேலை பார்த்த பியேர் தெப்ருத்தெல் காற்றடைத்த குழாய்களை வைத்துப் படகு செய்தார். 1952இல் அலான் பொம்பார் என்ற மருத்துவர் அப்படி ஒரு ரப்பர் படகில் ஏறி, கேனரித் தீவிலிருந்து 65 நாளில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து பார்படோஸ் சேர்ந்தார். இந்தப் படகு பாறையில் இடித்தால் நொறுங்காது, வளைந்து கொடுக்கும். பல அறைகளாகப் பிரித்திருப்பதால் ஒன்று கிழிந்தாலும் மற்றவை மிதக்கவைக்கும். தென்னங்கயிற்றால் தைத்தவர்கள் சோழமண்டலக் கரையில் கண்ட அதே விடையை, வேறு பொருளைக் கொண்டு பிரான்ஸில் ஒருவர் கண்டிருக்கிறார். ஒருவரை ஒருவர் அறியாமலே இது நடந்தது என்பதுதான் எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.

இறங்கும் முறையைப் பாருங்கள். கப்பலின் ஏணியடியில் நிற்கும் மாலுமியின் கையைப் பிடிக்கக் கூடாது. அவர் முன்கையை நீங்களும் உங்கள் முன்கையை அவரும் பற்ற வேண்டும். கை வழுக்கும், முன்கை அவ்வளவு எளிதில் வழுக்காது. பத்துப் பேர் இரண்டு பக்கக் குழாய்கள்மேல் உட்கார்கிறார்கள். கரையில் வழிகாட்டி ஒருவர் இடுப்பளவு குளிர்நீரில் நின்று படகின் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். நீங்கள் மூக்குப் பக்கம் நகர்ந்து, கடலைப் பார்த்துக் காலைத் தூக்கிப் போட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்குகிறீர்கள். காலாப்பட்டில் பைபர் படகுக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: அலையின் முதுகில் வந்து, மணல் தட்டுவதற்கு ஒரு கணம் முன்னால் இன்ஜினைத் தூக்கி, இரண்டு பேர் குதித்துப் படகைப் பிடித்துக்கொள்வார்கள். கணிப்பும் கைவேலையும் ஒன்றுதான்.

கரை இறங்குவது எளிதானதும் அடுத்த கேள்வி பிறந்தது. எத்தனை பேர் இறங்கலாம்? பெங்குவின் முட்டையிடும் மேட்டில் ஆயிரம் பேர் நடந்தால் என்ன ஆகும்? 1991இல் ஏழு நிறுவனங்கள் கூடி ஐயாட்டோ என்ற சங்கத்தைத் தொடங்கின. அதே ஆண்டு மத்ரித்தில் அண்டார்டிகச் சுற்றுச்சூழல் உடன்படிக்கையும் கையெழுத்தானது. விதிகள் பிறந்தன. ஒரே நேரத்தில் கரையில் நூறு பேருக்கு மேல் கூடாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆளை இறக்கவே கூடாது. பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இறங்குவதற்கு முன் சட்டைப்பை, ஒட்டுப்பட்டை, பூட்ஸ் அடிப்பாகம் எல்லாவற்றையும் துடைத்து, ஒரு புல்விதைகூட ஒட்டியிருக்காமல் பார்ப்பார்கள். லிண்ட்பிளாடின் நூறு பேர் கப்பலும் இந்த நூறு பேர் விதியும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கின்றன. இப்போதோ ஒரு பருவத்துக்குப் போகிறவர்கள் லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். விதி கப்பலுக்குக் கப்பல் காப்பாற்றப்படுகிறது. கப்பல்களின் எண்ணிக்கைக்குத்தான் உச்சவரம்பு இல்லை. அதுவும் வந்தாக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். நம் நாட்டிலும் 2022இல் இந்திய அண்டார்டிகச் சட்டம் வந்து, அங்கே பயணக் குழு போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாகிவிட்டது.

அந்தச் சிவப்புக் கப்பல் கைமாறி, எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரோடு ஓடிக்கொண்டிருந்தது. 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லாந்து தீவுகள் அருகே பனிக்கட்டியில் இடித்து மூழ்கியது. இருந்த 154 பேரும் உயிர்க்காப்புப் படகுகளிலும் சோடியாக்குகளிலும் இறங்கிப் பல மணி நேரம் குளிரில் காத்திருந்தார்கள். நார்வேயின் நோர்ட்நோர்கே என்ற கப்பல் வந்து ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டது.

நமக்கு நெருக்கமான துருவப் பயணம் ஒன்று ரீயூனியனிலிருந்து இன்றும் போகிறது. பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட 1860 ஒப்பந்தத்துக்குப் பின் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி, கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தீவு அது. கூலிகளின் துயரம் பெருகி, 1882இல் பிரிட்டிஷ் அரசு அந்த ஆளனுப்புதலை நிறுத்தியது. ரீயூனியனின் சேன் பியேர் ஊரில் நரசிங்கப் பெருமாள் கோயிலும் உண்டு. கெர்கெலன், குரோசே, ஆம்ஸ்டர்டாம் தீவுகளை நிர்வகிக்கும் பிரெஞ்சுத் தென்பகுதிகளின் தலைமை அலுவலகமும் உண்டு. அந்தத் தீவுகளில் நிரந்தரக் குடிகள் யாரும் இல்லை. முறைவைத்து வரும் விஞ்ஞானிகளும் பணியாளர்களும்தான்.

அவர்களுக்கு அரிசி, டீசல், தபால் எல்லாம் கொண்டுபோகும் கப்பல் மரியான் துய்ப்ரேன். 120 மீட்டர் நீளம், 1995இல் வந்தது. குரோசே தீவுகளை 1772 ஜனவரியில் கண்ட மாலுமியின் பெயர் அதற்கு. சரக்கோடு சரக்காக, விரல்விட்டு எண்ணக்கூடிய சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிக்கொள்கிறது. பயணம் ஏறக்குறைய ஒரு மாதம். இறக்க வேண்டிய சாமான் முதலில், பயணிகள் அதற்குப் பிறகு. வானிலை கெட்டால் தீவைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். குரோசேயில் அலை அடிக்கும் அடிக்குப் படகை நம்ப முடியாத நாட்களில் ஹெலிகாப்டரில்தான் ஆளை இறக்குகிறார்கள்.

இந்தக் கப்பல் நம் வங்கக்கடலுக்கும் வந்திருக்கிறது. 2007இல் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் கடலடி மண்ணை நீண்ட குழாயிறக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். இதே பெயர் கொண்ட முந்தைய கப்பல் 1977இல் வங்கக்கடலில் எடுத்த மண் உருளைகளை வைத்து, பல ஆயிரம் ஆண்டு பருவமழையின் ஏற்ற இறக்கத்தை இன்னும் கணித்துக்கொண்டிருக்கிறார்கள்.