படிச்சா பீரியட்ஸ் கெட்டுப்போகுமா? 150 வருஷத்துக் கேள்வி

1/ "ராத்திரி பகலா படிக்கிறா டாக்டர், அதான் மூணு மாசமா வரல. காலேஜை நிறுத்திடலாமா?"னு ஒரு அம்மா கேட்டாங்க. பக்கத்துல பொண்ணு தலைகுனிஞ்சு உட்கார்ந்திருந்தா. இது பழைய கேள்விங்க. பெரிய டாக்டர் ஒருத்தரே இதைக் கிளப்பியிருக்கார்.

2/ 1873, பாஸ்டன். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த டாக்டர் எட்வர்ட் கிளார்க் ஒரு புத்தகம் எழுதினார். பெண்கள் ஆண்களைப் போல மூளைக்கு வேலை கொடுத்தால், சினைப்பைக்குப் போக வேண்டிய சக்தி போகாது என்பது வாதம். ஆதாரம்? சில நோயாளிகளின் கதைகள். புத்தகம் பரபரப்பா விற்றது.

3/ டாக்டர் மேரி புட்னம் ஜேக்கோபி கதைக்குக் கதை சொல்லல, கணக்கெடுத்தார். 1,000 கேள்வித்தாள் அனுப்பி, 268 பெண்களிடம் பதில் வாங்கினார். சிலருக்கு நாடியையும் தசை வலிமையையும் அளந்தார்.

4/ முடிவு: நல்லா சாப்பிடுற பெண்ணுக்கு அந்த நாட்களில் கட்டாய ஓய்வு தேவையில்லை. 1876-ல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு அவருக்கே. ஆனா ஹார்வர்டு மருத்துவப் பள்ளி பெண்களைச் சேர்த்தது 1945-ல்தான்!

5/ அப்போ பிரச்சினையே இல்லையா? இருக்கு. காரணம்தான் வேற. மூளையில் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். சாப்பாடு குறைஞ்சு, உழைப்பும் மன அழுத்தமும் கூடினா அந்தத் துடிப்பு தளரும். கருமுட்டை வெளிவராது, பீரியட்ஸ் தள்ளும்.

6/ 1981-ல் ரோஸ் ஃபிரிஷ் குழு கல்லூரி நீச்சல், ஓட்ட வீராங்கனைகளை ஆராய்ந்தது. பூப்படையும் முன்பே கடும் பயிற்சி தொடங்கியவர்களுக்குச் சுழற்சிக் கோளாறு அதிகம். உடம்பு பார்ப்பது வரவு செலவைத்தான்.

7/ அந்தப் பொண்ணுகிட்ட தனியா கேட்டேன். காலை டிபன் கிடையாது, மெஸ் சாப்பாடு பாதி, எடை குறைக்க டயட், தூக்கம் நாலு மணி நேரம். நிறுத்த வேண்டியது காலேஜை இல்ல, பட்டினியை.

8/ 21 முதல் 35 நாள் இடைவெளி இயல்பு. பரீட்சை நேரத்தில் ஒருமுறை கொஞ்சம் தள்ளினா பதறாதீங்க. மூணு மாசம் வரலைன்னா, 8 நாளுக்கு மேல் போனா, முகத்தில் முடி வளர்ந்தா, எடை திடீர்னு மாறினா டாக்டரைப் பாருங்க. கர்ப்பம், தைராய்டு, பிசிஓடி எல்லாம் பார்க்கணும். நீண்ட நாள் வராம விட்டா எலும்பும் பலவீனமாகும்.

9/ உங்க வீட்டுப் பொண்ணுகிட்ட "எவ்வளவு படிச்ச?"னு கேட்கும் முன்னாடி, "சாப்பிட்டியா, தூங்கினியா?"னு கேளுங்க.